மூக்கரிந்த வீரம்

தாம்பரத்திலிருந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் வழியில் மணிமங்கலம் என்றோர் ஊர் இருக்கிறது. ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் இருங்காட்டுக்கோட்டை. இரவென்றும் பகலென்றும் பாராது உந்துவண்டிகள் உருவாகி வெளிவரும் ஆலைகள் சூழ்ந்த வட்டாரம். முறை மாறும் வேளைகளில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் அவ்வூரைக் கடந்து விரைகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் ஒரு போர்க்களத்தின் மீது பயணம் செய்கிறோம் என்பது? அவ்வூர்க் கோயில் சுவரிலே, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசர்கள் தம் போர்முறையைத் தாமே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது?

மணிமங்கலத்து இராசகோபாலப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகளை 1899ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சிட்டுவிட்டார்கள். அவற்றுள் ஒன்று முதலாம் இராசாதிராசனுடையது. இலங்கை வேந்தர் நால்வரின் முடிகளைக் கவர்ந்ததாக அது பேசுகிறது. முடி கவர்ந்தது இருக்கட்டும். அது அரசர்களுக்குள் நடக்கும் விளையாட்டு. ஆனால் அதே மூச்சில், வீரசலாமேகன் என்ற இலங்கை மன்னனின் வீட்டுப் பெண்களைச் சிறைபிடித்ததையும், அவன் தாயின் மூக்கை அரிந்ததையும் அது வெற்றிப் பட்டியலில் சேர்க்கிறது. இன்னொரு கல்வெட்டு வீரராசேந்திரனுடையது. ஐந்தாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1067. வேங்கி நாட்டில் சாளுக்கியப் படைத்தலைவன் சாமுண்டராசனின் தலையை அறுத்தோம் என்று சொல்லிவிட்டு, அவனுடைய ஒரே மகளும் இருகையன் என்பவனின் தேவியுமான நாகலை என்ற பெண்ணின் மூக்கையும் அரிந்தோம் என்கிறது. அவள் மயிலனைய சாயலாள் என்று வருணிக்கவும் அந்த வரியில் இடம் இருந்திருக்கிறது!

நண்பர்களே, இதனை எதிரி எழுதியிருந்தால், "பொறாமையால் புனைந்தான்" என்று தள்ளிவிடலாம். எழுதியவன் எதிரியல்லன். ஆணையிட்டவன் சோழ மன்னன். யாத்தவன் அவனுடைய அவைப் புலவன். பொறித்த இடம் சதுர்வேதிமங்கலமாகிய ஓர் ஊரின் கோயில் சுவர். அந்தச் சுவரின் கீழ் நின்று வேதம் ஓதியவர்களில் ஒருவருக்கேனும் நெஞ்சு உறுத்தியதாக எந்தக் குறிப்பும் இல்லை. மெய்க்கீர்த்தி முடிகிறது, கல்வெட்டு அமைதியாகக் கொடைக்கணக்கிற்குப் போய்விடுகிறது.

எதிரி எழுதியதும் உண்டு. தார்வாடு வட்டாரத்து ஓட்டூரில், 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளுக்கியக் கல்வெட்டொன்று, சோழன் ஒன்பது இலட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பனரையும் கொன்றான், கன்னியரைக் கவர்ந்து குலம் கெடுத்தான் என்று குற்றம் சாட்டுகிறது. ஒன்பது இலட்சம் என்பது மிகை. அக்காலத்து எந்த அரசனாலும் அத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்க முடியாது. 1071ஐ ஒட்டிய கவரவாடு கல்வெட்டு, பெள்வல நாட்டுச் சமணக் கோயில்களைச் சோழன் எரித்ததாகவும், பின்னர்ப் போர்க்களத்தில் தலையை இழந்ததாகவும் கூறுகிறது. தலை இழந்தது உண்மை. 1054இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே மடிந்தான் இராசாதிராசன்.

இவ்விடத்தில் நம் வரலாற்றாசிரியர் சிலர் கையாளும் வழி ஒன்றுண்டு. ஓட்டூர்க் கல்வெட்டைப் பகைவன் கூற்று என்று ஒதுக்குவார்கள். மணிமங்கலத்துக் கல்வெட்டை முடி கவர்ந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். மூக்கு அரிந்த வரி, பாடநூலுக்குள் நுழையும்போது எப்படியோ உதிர்ந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் தெரிகிறது, பகைவன் சொன்ன பழி நம்மவன் சொன்ன புகழுக்கு வெகுதொலைவில் இல்லை என்பது.

"தம்பி, அது பழங்காலம்; அக்காலத்து அறம் வேறு; இன்றைய அளவுகோலைக் கொண்டு அன்றைய மன்னனை அளக்கலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. நல்ல கேள்வி. விடை காண நாம் இன்றைய அளவுகோலைத் தேடி செனீவாவுக்குப் போகவேண்டியதில்லை. மணிமங்கலத்திலிருந்து காஞ்சிக்குப் போனாலே போதும்.

ஏழாம் நூற்றாண்டில் இதே மணிமங்கலத்தில் பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியும் மோதினார்கள். காஞ்சிக்கருகே கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு அதனைச் சொல்லுகிறது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் தோற்று ஓடிய புலிகேசியின் முதுகிலே வெற்றி என்ற சொல்லை நரசிம்மவர்மன் எழுதினானாம். நாட்டிற்குள் புகுந்தவனை நாட்டு எல்லைக்குள்ளேயே தடுத்து நின்ற போர் அது. படையெடுத்து வந்தவன் புலிகேசி. காஞ்சியைக் காக்க வாளெடுத்தவன் பல்லவன். அவ்வளவில் பல்லவன் பக்கமே நியாயம் என்பேன்.

ஆனால் போர் அவ்வளவில் நிற்கவில்லை. தற்காத்த படை பழிவாங்கும் படையாயிற்று. 642ஐ ஒட்டி நரசிம்மவர்மன் வாதாபி வரை சென்று அத்தலைநகரை அழித்தான். வாதாபி கொண்டான் என்ற பட்டம் பெற்றான். பல்லவனின் நியாயம் மணிமங்கலத்துக்கும் வாதாபிக்கும் இடைப்பட்ட ஏதோ ஓரிடத்தில் கரைந்துபோயிற்று. எந்த இடத்தில் என்பதுதான் போரறத்தின் கடினமான வினா. வாதாபியின் நெசவாளியும் குயவனும் காஞ்சிமீது படையெடுத்தார்களா? புலிகேசி செய்த குற்றத்திற்கு அவர்கள் வீடு ஏன் எரியவேண்டும்?

அந்தப் படையை நடத்தியவர் பரஞ்சோதியார். பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். அவர் கதையைப் பாடிய சேக்கிழார், மணிமங்கலத்திற்குப் பக்கத்து ஊரான குன்றத்தூர்க்காரர். பெரியபுராணத்தில் இந்த இடத்தை ஊன்றிப் படியுங்கள். வாதாபியைத் துகளாக்கி, யானையும் குதிரையும் மணியும் பொன்னும் கொண்டு திரும்புகிறார் பரஞ்சோதி. அமைச்சர்கள், "அவர் சிவனடியார், ஆகையால் அவரை எதிர்ப்பார் இல்லை" என்கிறார்கள். கேட்ட மன்னன் நடுநடுங்குகிறான். ஐயோ, அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிப் பெரும்பிழை செய்தேனே என்று மன்னிப்பு வேண்டுகிறான்! ஒரு நகரம் அழிந்ததற்கு நடுக்கம் இல்லை. ஓர் அடியார் அதனை அழிக்க நேர்ந்ததற்கு நடுக்கம். பக்தி எந்தக் கணக்கில் பிழை பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பழிக்குப் பழி தொடர்ந்தது. அடுத்த தலைமுறையில் முதலாம் விக்கிரமாதித்தன் தமிழகத்துள் புகுந்து, 674இல் உறையூர்ப் பாசறையிலிருந்து செப்பேடு வழங்கினான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே நுழைந்துவிட்டான். வாதாபிக்கு ஈடாகக் காஞ்சியை எரிக்க அவனுக்குக் கையெட்டும் தூரம். அவன் எரிக்கவில்லை. கயிலாசநாதர் கோயில் தூணொன்றில் கன்னட மொழியில் அவன் பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது; அக்கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராமல் திருப்பி அளித்தான் என்பது செய்தி. அவன் மகன் காலத்துக் கேந்தூர்ச் செப்பேடு, அவன் நகரை அழிக்காமல் புகுந்தான், பார்ப்பனருக்கும் வறியோருக்கும் ஆதரவற்றோருக்கும் கொடை தந்தான் என்கிறது.

அவனைப் புத்தனாக்க நான் முயலவில்லை. கோயில் சொத்தைத் தொடாதவன் குடியானவன் களஞ்சியத்தைத் தொட்டானா என்று அந்தத் தூண் சொல்லாது. கொடைப் பட்டியலில் பார்ப்பனர் முதலிடம் பெறுவதையும் நாம் கவனிக்காமல் இல்லை. ஆயினும் ஒன்று உறுதியாகிறது. வென்ற நகரை அழிக்காமல் விடுவது பெருமை என்று அக்காலத்து அரசனே எண்ணினான். எண்ணியதைக் கல்லிலும் எழுதினான். ஓட்டூர்க்காரன் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது குற்றம் என்றே எழுதினான். ஆகவே, அக்காலத்து அறம் வேறு என்ற வாதம் நிற்காது. அறம் அன்றே இருந்தது. எதிரியை இழித்துரைக்க எடுத்தார்கள். தம்மை அளக்கும்போது உறையில் போட்டார்கள்.

சங்க காலத்திற்குச் சென்றாலும் இதே காட்சிதான். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு போரறத்திற்குச் சான்றாக மேடைதோறும் முழங்கப்படுவது. அம்பு விடுமுன் பசுக்களுக்கும், பார்ப்பனருக்கும், பெண்டிருக்கும், நோயாளிகளுக்கும், பிள்ளைப்பேறு இல்லாதவருக்கும் அரண் புகுமாறு முன்னறிவிப்புத் தருவானாம் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. பாடியவர் நெட்டிமையார். உலகில் பல நாடுகள் நினைத்தும் பாராத நாளில் இப்படியொரு எண்ணம் தமிழில் தோன்றியது பெருமைக்குரியதே. ஆனால், அதே நெட்டிமையார் அதே வழுதியைப் பாடிய பதினைந்தாம் பாட்டையும் புரட்ட வேண்டாமா? பகைவர் ஊரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுதான், விளைந்த வயல்களில் தேரை ஓட்டினான், குடிக்கும் நீர்நிலையில் யானையை இறக்கிக் கலக்கினான் என்று அங்கே புகழ்கிறார். முன்னறிவிப்புப் பெற்று அரண் புகுந்த அந்தப் பெண்ணும் நோயாளியும் திரும்பி வந்து எதை உண்பார்கள்? எந்த நீரைக் குடிப்பார்கள்?

மனுவும் இப்படித்தான். ஏழாம் அத்தியாயத்தில் நஞ்சு தோய்ந்த அம்பு கூடாது, கைகூப்பி நிற்பவனைக் கொல்லாதே என்றெல்லாம் விதிப்பான். நூறு சுலோகம் தாண்டியதும், பகைவன் நாட்டின் புல்லையும் உணவையும் நீரையும் விறகையும் கெடுத்துவிடு என்று கட்டளையிடுவான். வாளேந்தியவனுக்கு ஒரு நீதி. ஏரேந்தியவனுக்கு நீதியே இல்லை!

வேந்தர்களிடம் கிடைக்காத அறம் புலவர் சிலரிடம் கிடைக்கிறது. மலையமானின் சிறுபிள்ளைகளை யானைக்காலில் இட முனைந்த கிள்ளிவளவன் முன்னே போய் நின்று, அந்தக் குழந்தைகள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நிற்பதைக் காட்டித் தடுத்தவர் கோவூர்கிழார். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தவரும் அவரே. காஞ்சியிலிருந்த தொண்டைமானிடம் அதியமானின் தூதராகச் சென்ற ஒளவையார், அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளப்பதையும், அதியமானின் வேல்கள் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுச் சொன்னார். நகைச்சுவையால் ஒரு போரைத் தடுக்கப் பார்த்த பெண் அவர். ஆனால் இவர்கள் தனிமனிதர்கள். மன்னன் கேட்டால் உண்டு, கேளாவிட்டால் இல்லை.

இதுவரை பார்த்தது போர் எப்படி நடந்தது என்பது. எதற்காக நடந்தது என்று கேட்டால் இன்னும் வெட்கம். புறப்பொருள் இலக்கணம் ஒவ்வொரு வகைப் போருக்கும் ஒரு பூவைச் சூட்டியது. ஆநிரை கவர வெட்சி, மண் கவர வஞ்சி, மதில் வளைக்க உழிஞை. பிறன் மாட்டை இரவில் ஓட்டி வருவதை, அதனைக் காப்பாற்றும் செயல் என்று பெயரிட்டு அழைத்தது தொல்காப்பியம். எந்தக் காரணத்திற்காகப் போர் தொடுக்கக் கூடாது என்பதற்கு மட்டும் ஒரு பூவும் ஒதுக்கப்படவில்லை.

கலிங்கத்துப்பரணியைப் பாருங்கள். 1110ஐ ஒட்டிக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மீது படை நடத்தியதற்குச் செயங்கொண்டார் கூறும் காரணம், வடகலிங்க மன்னன் இருமுறை திறை செலுத்தவில்லை என்பது. வரிப்பாக்கி வசூலுக்கு ஒரு நாடு பிணக்காடு! அப்பிணங்களைக் கூழாக்கிப் பேய்கள் உண்பதைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை!

நம் மேடைகள் மறவாத சேரன் செங்குட்டுவன் கதையும் விலக்கல்ல. கனகனும் விசயனும் தமிழரசரைப் பழித்துப் பேசினார்கள் என்பதற்காக இமயம் வரை படை சென்றது; அவர்கள் தலையிலே கல் ஏற்றப்பட்டது. இதைச் சொல்லும்போது கைதட்டல் எழுகிறது. நாவடக்கம் இல்லாத இருவருக்காக எத்தனை பேர் மாண்டார்கள் என்று கேட்பாரில்லை. வியப்பு என்னவென்றால், கேட்பவர்கள் சிலப்பதிகாரத்திற்குள்ளேயே இருக்கிறார்கள். சிறைபிடித்த ஆரிய மன்னரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டியபோது, வாளைப் போட்டுவிட்டுத் தவவேடம் பூண்டு ஓடியவனைப் பிடிப்பது வீரமா என்று அவர்கள் இகழ்ந்தார்கள். செங்குட்டுவன் சினந்தான். முடிவில் சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். இளங்கோ இந்தப் பகுதியை மறைக்காமல் எழுதினார். மறைத்துப் பேசுபவர்கள் நாம்தான்.

கலிங்கம் என்றதும் அசோகன் நினைவு வரும். கி.மு. 261ஐ ஒட்டிய அப்போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டனர், அதனினும் பலர் மாண்டனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் அவனே கூறி வருந்துகிறான். வென்றவன் வருந்தியது உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. ஆனால் அந்தக் கட்டளை கலிங்கத்திலுள்ள தௌலியிலும் சௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. அங்கே, எல்லா மக்களும் என் மக்கள் என்று வேறு கட்டளைகளை வைத்தான். வருத்தத்தை எல்லோரிடமும் சொன்னான், வருத்தப்படுத்தப்பட்டவரிடம் தவிர.

இனி, நம் நெஞ்சைச் சுடும் இடத்திற்கு வருவோம். இலங்கை மன்னனின் தாயுடைய மூக்கை அரிந்தது மணிமங்கலத்துச் சுவரில் இருக்கிறது. 1017இல் ஐந்தாம் மகிந்தனையும் அவன் தேவியையும் சோழப்படை சிறைபிடித்தது, விகாரைகளைக் கொள்ளையிட்டது என்று சிங்களரின் சூளவம்சத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிக்குகள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அவர்களிடமும் மகாவம்சம் என்ற நஞ்சு இருந்தது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, இத்தனை உயிரைக் கொன்றேனே என்று கலங்கியபோது, அருகதர்கள் வந்து, நீ கொன்றவருள் மனிதர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர் விலங்கொப்பர் என்று தேற்றினார்களாம். குன்றத்தூர்ச் சைவம் அடியாருக்காக நடுங்கியது. அநுராதபுரத்துப் பௌத்தம் ஒன்றரை என்று எண்ணியது. மதம் போருக்குக் கணக்கெழுத உட்கார்ந்தால், மனிதனைக் கழித்துவிட்டுத்தான் கூட்டல் போடும்.

2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நாம் அறிவோம். அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களின் மீது அரசின் குண்டுகளே விழுந்தன, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. 40,000 வரை பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐக்கிய நாடுகள் அவைப் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. அதே குழு, விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தியதையும், தப்பி ஓடியோரைச் சுட்டதையும், சிறுவரைப் படையில் சேர்த்ததையும் எழுதியது. முதற் பாதியை உரக்கவும் மறு பாதியை மெல்லவும் படிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது மணிமங்கலத்துப் பழக்கம்.

நம் நாட்டுப் படையும் அங்கே சென்றது. 1987 சூலை 29இல் உடன்பாடு, அமைதி காக்கும் படை என்று பெயர், அக்டோபரில் போர். அம்மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியருமாக 60க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருதரப்புச் சூட்டிடையே சிக்கினர் என்றது படைத்தரப்பு. நெட்டிமையார் பாட்டில் நோயாளி அரண் புகுந்தான். இங்கே அரண் என்று எண்ணிப் புகுந்த இடமே கொலைக்களமாயிற்று. ஆயிரத்திற்கு மேற்பட்ட இந்தியப் படைவீரரும் அப்போரில் மாண்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது வரவேற்கச் செல்ல மறுத்தார் அன்றைய முதலமைச்சர் கலைஞர். அதற்காக அவர்மீது பாய்ந்தவர்கள், படை அங்கே எதற்குச் சென்றது என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. 1991 மே 21 இரவு, இதே திருப்பெரும்புதூரில், படையை அனுப்பிய முன்னாள் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி மனிதவெடியால் கொல்லப்பட்டார். அவரோடு, கூட்டத்திற்கு வந்திருந்தவரும் காவலுக்கு நின்றவரும் மாண்டனர். அவர்கள் எந்தப் போருக்கு ஆணையிட்டவர்கள்? வாதாபிக் குயவனுக்குக் கேட்ட கேள்வியை இவர்களுக்கும் கேட்கத்தான் வேண்டும்.

ஈழத்துத் தாய்க்கு நீதி கேட்கும் நாம், வீரசலாமேகனின் தாய்க்கு நேர்ந்ததைப் புகழ்க் கணக்கில் வைத்திருக்க முடியாது. இரண்டையும் ஒரே நெஞ்சில் சுமப்பவனிடம், நீதி கேட்கிறாயா, முறை மாறவில்லையே என்று கேட்கிறாயா என உலகம் வினவும். இராசேந்திரனின் கப்பற்படையைக் கண்டு நான் வியக்கிறேன். கடாரம் வரை கலம் செலுத்திய திறமை தமிழர் திறமைதான். திறமையைப் போற்றலாம். மூக்கரிந்ததைப் போற்ற வேண்டும் என்று எந்தத் தமிழ்ப்பற்றும் கட்டாயப்படுத்தவில்லை.

இன்று இக்கேள்வி ஏட்டோடு நிற்பதன்று. 2018ஆம் ஆண்டு நடுவண் அரசு தமிழ்நாட்டிற்குப் படைக்கலத் தொழில் வழித்தடம் ஒன்றை அறிவித்தது. சென்னை அதன் முனைகளுள் ஒன்று. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் வானூர்தித் தொழிற்பூங்கா எழுந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆயினும், அங்கே கடைசல் பொறியில் நிற்கும் இளைஞன், தான் செய்யும் உறுப்பு எந்த வானத்தில் பறக்கும், எவர் தலைமேல் பறக்கும் என்று கேட்க உரிமையுள்ளவன்.

கேட்டால் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டா? 1945ஆம் ஆண்டு ஐ.நா. சாசனம், தற்காப்புக்கோ பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதலோடோ அன்றி ஒரு நாடு இன்னொன்றின்மீது படை செலுத்தலாகாது என்றது. 1949ஆம் ஆண்டுச் செனீவா உடன்படிக்கைகள் நான்கும் காயமுற்றோர், சிறைப்பட்டோர், பொதுமக்கள் ஆகியோரைக் காக்கும் விதிகளை வகுத்தன. இந்தியா கையொப்பமிட்டு, 1960இல் செனீவா உடன்படிக்கைகள் சட்டத்தையும் நிறைவேற்றியது. கொடிய மீறலுக்குக் கடுந்தண்டனை உண்டு என்கிறது அச்சட்டம். ஆனால் அதன் பதினேழாம் பிரிவைப் படியுங்கள். அரசோ, நடுவண் அரசு குறிப்பிடும் அதிகாரியோ முறையிட்டாலன்றி எந்த நீதிமன்றமும் அக்குற்றத்தை ஏற்று விசாரிக்க முடியாது. மகனை இழந்த தாய் முறையிட முடியாது. மருத்துவமனையில் தப்பிப் பிழைத்தவர் முறையிட முடியாது. படை அரசினுடையது, முறையிடும் உரிமையும் அரசினுடையது. அந்தப் பிரிவைத் திருத்தக் கோரும் தீர்மானம் ஒன்றை நம் மன்றங்கள் நிறைவேற்றி, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பலாம். திருப்பெரும்புதூரும் ஒரு நாடாளுமன்றத் தொகுதிதான்.